ஆம்பூர் எந்த மாவட்டம்?

1. ஒரே ஒரு சந்தேகம்

காலை பதினொன்று பத்து. குடியாத்தம் கோர்ட் ஹால் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம், மனுவில் உத்தரவு வாங்கிக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸில் வேலூர் திரும்பிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அரசு உதவி வழக்கறிஞர் என் மனுவுடன் எழுந்தார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். ஆம்பூர் எந்த மாவட்டத்துல இருக்கு?"

"வேலூர்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவக் குறிப்பு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருட சர்வீஸில் சொல்வதற்கு நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பேனாவை எடுத்தால் இந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. இதை எழுதி முடிக்காமல் மற்றதை எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

நான் நன்னடத்தை அலுவலர். வெளியாட்கள் பலருக்கு இது என்ன வேலை என்றே தெரியாது. என் மாமியார் கடைசி வரை நான் போலீஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் குற்றம் செய்தார் என்று கோர்ட் தீர்மானித்த பிறகும், குற்றத்தின் தன்மையையும் ஆளின் நிலைமையையும் பார்த்து, ஜெயிலுக்கு அனுப்பாமல், "இத்தனை வருடம் ஒழுங்காக இருப்பேன்" என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாம். அப்படி வீட்டுக்கு வந்தவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. பத்திரத்தில் எழுதிய நிபந்தனையை மீறினால் நாங்கள் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். கோர்ட் நினைத்தால் பத்திரத்தை ரத்து செய்து பழைய குற்றத்துக்கான தண்டனையைக் கொடுக்கலாம்.

மாறாக, ஆள் நன்றாக இருந்தால்? அதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இவருக்கு இனிக் கண்காணிப்பு தேவையில்லை, காலம் முடியும் முன்பே விடுவித்துவிடுங்கள் என்று நாங்களே மனுப் போடலாம். அன்று காலை நான் கொண்டுபோனது அப்படி ஒரு மனு. பரிமளா என்ற பெண்ணுக்காக.

2. தாஸ் கேட்டது

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மாவட்டம் அரக்கோணத்தில் தொடங்கித் திருப்பத்தூர் தாண்டிப் போகும். காலையில் காவேரிப்பாக்கத்தில் ஒரு வீட்டு விசாரணை, மாலைக்குள் வாணியம்பாடியில் இன்னொன்று என்று ஓடிய நாட்கள் உண்டு. ஜன்னலோர சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் ராணிப்பேட்டை வந்துவிட்டதா, ஆம்பூர் வந்துவிட்டதா என்று மூக்கு சொல்லிவிடும். இரண்டும் தோல் வாடைதான். ஆனால் ஒன்றல்ல. ஈரத் தோலின் வாடை வேறு, பதனிட்டுக் காய்ந்த தோலின் வாடை வேறு. மகன் சிறுவனாக இருந்தபோது, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் புடவையை மோந்து பார்த்து, "அம்மா இன்னிக்கு ஆம்பூர்" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அலுவலக உதவியாளர் பாஷா பாயும் நானும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். பதிவேடு, டைப்பிங், தபால், டீ எல்லாம் அவர்தான். ஆம்பூர்ப் பக்கம் முகாம் என்றால் மதியம் எந்தக் கடை பிரியாணி என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிடுவார். "கவர்மென்ட் நமக்கு ஜாஸ்தி ஒண்ணும் குடுக்கல மேடம், இந்த ரூட்டையாவது குடுத்துதே" என்பார். அந்த வருடங்களை நினைத்தால் வேலை பார்த்த மாதிரியே இல்லை. ஏதோ பெரிய குடும்பத்தில் வீடு வீடாகப் போய் வந்த மாதிரிதான் இருக்கிறது.

அப்போது என்னிடம் தாஸ் என்று ஒருவர் திங்கட்கிழமை தோறும் கையெழுத்துப் போட வருவார். வாணியம்பாடியில் ஒரு டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர். குரோம் உப்புத் தண்ணீர் பட்டு நகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். குடித்துவிட்டு மைத்துனனை அடித்த வழக்கு. ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். ஒரு திங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னா தாஸ்?"

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? தப்பு பண்ணா இன்னா கெடைக்கும்னு இந்தப் பேப்பர்ல வரிசையா எழுதியிருக்குது. தப்பு பண்ணாம இருந்தா இன்னா கெடைக்கும்னு ஒரு இடத்துலயும் இல்லியே?"

பாஷா பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்தேன். உண்மைதான், இல்லை.

அடுத்த வாரம் மேலதிகாரியிடம் பேசி, மூன்று மாதம் ஒழுங்காக வந்தவர்கள் வாரம் ஒருமுறை என்பதை மாற்றி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று ஆக்கினேன். "நல்லா இருக்கறது அவன் கடமை, அதுக்குப் பரிசு வேறயா?" என்று அவர் கேட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டார். தாஸுக்குச் சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறார்.

"இந்த வாரம் வர வேணாம்னு சொன்னேனே?"

"தெரியும் மேடம். கையெழுத்து வேணாம். சும்மா பாத்துட்டு, பாய்கூட ஒரு டீ சாப்ட்டுப் போலாம்னு வந்தேன்."

வர வேண்டியதில்லை என்ற பிறகு வருவதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அன்று பார்த்தேன். அதற்குப் பிறகு இது என் வழக்கமாகிவிட்டது. அடுத்த மூன்று மாதமும் ஒழுங்காக இருந்தால் கையெழுத்துப் போடும் நாளையும் இடத்தையும் அவர்களே சொல்லலாம். அதன் பின், வீட்டு விசாரணைக்குப் போகும்போது கையில் கோப்பு இருக்காது, அரசு ஜீப் தெருவுக்குள் வராது. கடைசிப் படிதான் முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லும் மனு. எத்தனையோ பேரை அந்தப் படி வரை ஏற்றிவிட்டிருக்கிறேன். சிலர் இரண்டாம் படியிலேயே வழுக்கினார்கள். அவர்களையும் திட்டிக்கொண்டே மறுபடி முதல் படியில் நிறுத்தினேன்.

இதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. தண்டனை எல்லாம் காகிதத்தில் இருந்தது. நான் கொடுத்த பரிசு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருந்தது.

3. பரிமளா

பரிமளா பேரணாம்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். பிறந்தது குடியாத்தத்தில், கைலி நெய்கிற குடும்பம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகள் தர்ஷினி. தெருக்குழாய்ச் சண்டையில் பரிமளா பக்கத்து வீட்டுப் பெண்ணை எவர்சில்வர் குடத்தால் அடித்துவிட்டாள். தலையில் தையல். கோர்ட் இரண்டு வருட நன்னடத்தைப் பத்திரத்தில் அனுப்பியது.

முதல் நாள் வந்தபோது என் மேஜைக்கு எதிரே உட்கார மறுத்தாள். "நின்னுனே பேசறேன் மேடம். உக்காந்தா அழுதுடுவேன்" என்றாள். என் ஆட்களில் இப்படிச் சொல்லிவிட்டு உண்மையாகவே அழாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். காலை ஏழு மணிக்கு ஊர் முனையில் கம்பெனி பஸ் வரும், மாலை கொண்டுவந்து விட்டுவிடும். "சந்தோஷம்மா, நல்லா செய்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "கம்பெனில யாருக்கும் கேஸ் விஷயம் தெரியாது மேடம். தெருவுல தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிட்டுப் போகட்டும். நீங்க வந்தா சொந்தக்காரங்க மாதிரி வந்துட்டுப் போறீங்களா?"

அதிலிருந்து நான் அக்காவாகப் போய் வந்தேன். ஒரு சீப்பு வாழைப்பழமோ கொஞ்சம் பூவோ கையில் இருக்கும். கையெழுத்தை அடுப்படியில் வாங்கிக்கொள்வேன். பேச்சு பாதி நேரம் பிள்ளைகளைப் பற்றித்தான். அவள் மகளும் பிளஸ் டூ, என் மகனும் பிளஸ் டூ. நான் மகனுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் போடுகிறவள். சாப்பிட்டானா, டியூஷன் போனானா, ஹெல்மெட் போட்டானா. பாஷா பாய் கேட்பார்: "பையன் ஸ்கூல்ல இருக்கானா, பார்டர்ல இருக்கானா மேடம்?" பரிமளா மட்டும்தான் சிரிக்க மாட்டாள். அவளுக்குப் புரியும்.

ஒருமுறை சொன்னாள்: "எம்பொண்ணு காலேஜ் சேர்றப்ப நான் கேஸ்ல இருக்கக் கூடாது மேடம். ஃபாரத்துல அம்மா பேரு எழுதறப்ப அவ கை நிக்கக் கூடாது."

பத்திரம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு நான்கு மாதம்கூட இல்லை. மனுப் போட முடிவு செய்தேன். மூன்றாவது பத்தியை மூன்று முறை திருத்தினேன். பாஷா பாய் டைப் செய்தார்: "இவர் கடந்த ஒன்பது மாதங்களாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஆம்பூரில் உள்ள காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்து வருகிறார். நேர்மையானவர், முழு நம்பிக்கைக்குரியவர்." என் சர்வீஸில் நான் எழுதிய நல்ல பத்திகளில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

விசாரணைக்கு அவளை வரச் சொல்லவில்லை. "நீ எதுக்கு லீவு போடணும்? வேலைக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன். அதையும் ஒரு பரிசாகத்தான் கொடுத்தேன்.

4. பலகை

பத்திரத்தில் நான்காவது நிபந்தனை: நன்னடத்தை அலுவலரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையை விட்டு வெளியே செல்லக் கூடாது. அச்சடித்த படிவம். எல்லோருக்கும் அதேதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பேரணாம்பட்டு வேலூரில் நின்றது. ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. எனக்கு இது தெரியாதா? தெரியும். தபாலில் முகவரி எழுதும்போது சரியாகத்தான் எழுதுவேன். ஆனால் கால்நூற்றாண்டு பஸ்ஸில் போய் வந்த மனதுக்குள் அந்தக் கோடு விழவே இல்லை. ஆம்பூர் என்றால் நம் ஊர். நம் ஊருக்குப் போக யார் அனுமதி கேட்பார்கள்?

அரசு உதவி வழக்கறிஞர் பத்தியைச் சத்தமாகப் படித்தார். பிறகு நீதித்துறை நடுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்பது மாசம், ஒரு நாள்கூட லீவு இல்ல. அப்படின்னா ஒன்பது மாசமும் தினம் எல்லை தாண்டியிருக்காங்க. மனுவுலயே இருக்கு சார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் அவளைப் புகழ்ந்து எழுதிய வரியே அவள் மீதான குற்றச்சாட்டாக நின்றது.

நடுவர் என்னைவிட வயதில் சிறியவர். அமைதியானவர். "நீங்க எழுத்துல அனுமதி குடுத்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் "இல்லை, என் தவறு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஓய்வுக்குச் சில வருடங்கள், மகனின் படிப்பு, மெமோ, விளக்கம், எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. "கோப்பைப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன். கோப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மூணு மணிக்கு எடுத்துக்கலாம். அந்தம்மாவையும் நேர்ல வரச் சொல்லுங்க. அனுமதி இல்லன்னா இது வேற மாதிரி ஆயிடும்."

வெளியே வந்ததும் உதவி வழக்கறிஞர் பக்கத்தில் வந்தார். "நான் உங்களுக்கு எதிரி இல்ல மேடம். கண்ணுல பட்டதைக் கேக்காம விட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பரிமளாவுக்குப் போன் போட்டுப் பயனில்லை. கம்பெனியில் எல்லோருடைய போனையும் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிடுவார்கள். கம்பெனி ஆபீஸுக்குப் போன் போட்டு, கோர்ட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னால் அவள் வேலை அன்றைக்கே போய்விடலாம். நேரில் போவதைத் தவிர வழி இல்லை. கோப்புகளோடு தனியாக ஸ்கூட்டரில் கோர்ட்டுக்கு வந்திருந்த பாஷா பாய் சீட்டைத் துடைத்தார். "ஏறுங்க மேடம். வெயிட்டு ரெண்டு பேருக்கும் ஜாஸ்திதான், வண்டி தாங்கும்."

பேரணாம்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ரோட்டோரத்தில் பச்சைப் பலகை. திருப்பத்தூர் மாவட்டம் உங்களை வரவேற்கிறது. அந்த வழியில் எத்தனை முறை போயிருப்பேன்.

"பலகை இங்கதான் மேடம் நட்டு வெச்சிருக்காங்க" என்றார் பாய். "நாம ரெண்டு பேரும்தான் பாக்கல."

5. கேட்

பன்னிரண்டே முக்காலுக்குக் கம்பெனி வாசலை அடைந்தோம். செக்யூரிட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"ஸ்டிச்சிங்ல பரிமளா. நாலாவது லைன்."

"நீங்க யாரு?"

"அக்கா."

"லைன் ஓடினு இருக்குது. லஞ்சுக்கு ஒன்னே காலுக்கு வாங்க."

"ரொம்ப அவசரம்ப்பா."

"கேட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் அவசரம்தான். போன வாரம் ஒருத்தரு வந்து மாடு கன்னு போட்டுடுச்சு, பொண்டாட்டிய அனுப்புங்கன்றாரு. வீட்ல யாருக்குன்னா உடம்பு சரியில்லன்னாதான் உள்ள போன் போடச் சொல்லியிருக்காங்க."

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அவ பொண்ணுக்கு உடம்பு சரியில்ல."

அவர் போனை எடுத்தார்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் பரிமளா வந்த கோலத்தை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அது என்னைவிட்டு இன்னும் போகவில்லை. நீலக் கம்பெனி கோட். கழுத்தில் நூல் வெட்டும் கத்தரி கயிற்றில் ஆடுகிறது. ஒரு காலில் செருப்பு இல்லை. ஓடி வருகிறாள், ஆனால் முகம் ஓடவில்லை, அப்படியே உறைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் கடைசியாக மிச்சமிருந்ததும் போய்விட்டது. ஏனென்றால் நான் வந்திருக்கிறேன் என்றால் அது சாதாரணக் காய்ச்சலாக இருக்க முடியாது.

"எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சு மேடம்? உயிரோட இருக்கறாளா?"

செக்யூரிட்டி தலையைத் தூக்கினார். "இவங்க அக்காவா, மேடமா?"

"டீச்சரம்மாப்பா" என்றார் பாஷா பாய் சட்டென்று. "சொந்தத்துலயும் எல்லாரும் மேடம்னுதான் கூப்பிடுவாங்க. நீ கோடு போடு."

அவளைப் பக்கத்து டீக்கடை ஓரமாக இழுத்துப் போனேன். "தர்ஷினிக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல இருக்கா. உன்னை வெளிய கூப்பிட நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை ஒரு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் என் மகன் போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த அவசரத்திலும் ஒரு தாயைக் கூப்பிட அவள் பிள்ளையைச் சொல்லாதீர்கள். வேறு எந்தப் பொய்யையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அவள் எழுந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், என் வேலைக்கும் கேள்வி வரும் என்பது உட்பட. முழுதாகக் கேட்டாள்.

"நாள் தவறாம வேலைக்கு வந்தது தப்புன்றாங்களா?"

"ஆம்பூர் வேற மாவட்டம் பரிமளா."

"எனக்கு மாவட்டம்லாம் தெரியாது மேடம். கம்பெனி பஸ்ல ஏறுனா கம்பெனில இறக்கி வுடறாங்க. ஒரு நாள் லீவு போட்டிருந்தா ஒரு தப்பு கம்மி ஆயிருக்கும், இல்ல?" குரலில் கோபம் ஏறியது. "நீங்கதானே மேடம் சந்தோஷம்னு சொன்னீங்க? வர வேணாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

அவள் செருப்பில்லாத காலால் மண்ணைத் தேய்த்தாள். "உள்ள போடுவாங்களா?"

"தெரியல."

"பொண்ணுக்கு எக்ஸாம் இருக்குது." சொல்லிவிட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இருங்க. கேட் பாஸ் வாங்கினு வர்றேன். சொல்லாம போனா வேலையும் போய்டும்."

உள்ளே போனாள். ஒன்றே காலுக்கு மணி அடித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அவள் இல்லை. ஒன்றரை. இல்லை. ஒன்று ஐம்பது. இல்லை.

"பின்பக்கம் வேற கேட் இருக்கா?" என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

"இருக்குது. லோடு வண்டி போற கேட்டு."

பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம் மேடம்."

"அவ வர மாட்டா பாய். பயந்துட்டா. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். கெளம்புங்க, மூணு மணி ஆயிடும்."

"முழு நம்பிக்கைக்குரியவர்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க" என்றார் அவர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "நான் டைப் அடிச்சேன்."

6. மூன்று மணி

திரும்பும் வழியில் எனக்கு ஒன்று தெளிவானது. அவள் ஓடியிருந்தால், எல்லை தாண்டியவள், கோர்ட் கூப்பிட்டும் வராதவள் என்று இரண்டும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவளைக் காப்பாற்ற யாராலும் முடியாது. எல்லை தாண்டியதையாவது அவள் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதை எடுக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். காலையிலேயே எடுத்திருக்க வேண்டியது.

மூன்று ஐந்துக்கு வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வாசலில் பரிமளாவின் பெயரை மூன்று முறை கூவினார்கள். யாரும் வரவில்லை.

"அந்தம்மா எங்க?" என்றார் நடுவர்.

"கேட் பாஸ் வாங்கப் போனாங்க சார். இன்னும் வரல. அதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கோப்புல அனுமதி எதுவும் இல்ல. இல்லன்னு காலையிலயே எனக்குத் தெரியும்."

உதவி வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை கெடைச்ச அன்னிக்கே அந்தப் பொண்ணு எங்கிட்டதான் சொன்னா. ஆம்பூர்லன்னு தெளிவாத்தான் சொன்னா. 'சந்தோஷம்மா, நல்லா செய்'னு சொன்னேன். அதுதான் சார் நான் குடுத்த அனுமதி. அதை எழுதிக் குடுத்திருக்கணும். எழுதல. அது என் தப்பு. ஒன்பது மாசமா வீட்டுக்குப் போறப்பல்லாம் அவ வேலையைப் பத்தி நான் விசாரிச்சிருக்கேன். அவ எதையும் மறைக்கல."

நடுவர் கொஞ்ச நேரம் மனுவைப் புரட்டினார். "இதைப் பதிவு பண்ணா உங்க டிபார்ட்மென்ட் உங்களைக் கேக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் உதவி வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் எழுந்து, "அலுவலருக்குத் தெரிஞ்சுதான் போயிருக்காங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நடுவர் சொல்லச் சொல்ல டைப் ஆனது. அலுவலரின் வாய்மொழி இசைவோடுதான் பணிக்குச் சென்றுள்ளார். எழுத்தில் தராதது அலுவலரின் குறைபாடு, அது குறித்துத் துறை விளக்கம் கேட்கலாம். நன்னடத்தையைக் கருத்தில் கொண்டு மனு ஏற்கப்படுகிறது, கண்காணிப்பு இன்றோடு முடிகிறது. மெமோ பின்னால் வந்தது. பதில் எழுதினேன். என் பணிப் பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அது அங்கே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு நான் கொடுத்த சின்னச் சலுகை ஒவ்வொன்றையும் எழுதி, நகல் எடுத்து, கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். யாருக்காகப் பேசப்போகிறேனோ அவரைக் கூடவே அழைத்தும் போகிறேன்.

உத்தரவில் கையெழுத்தாகி, அடுத்த வழக்கு தொடங்கியிருந்தது. நகலுக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஐம்பது இருக்கும். வாசலில் ஏதோ சலசலப்பு. தடுத்த ஆளின் கைக்குக் கீழே குனிந்து ஒருத்தி உள்ளே வந்தாள். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிய கேட் பாஸ் வியர்வையில் நனைந்து கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த என்னையும் பார்க்கவில்லை. நேராக முன்னால் போய், யாரும் கேட்பதற்கு முன் நடுவரிடம் கை கூப்பினாள்.

"அய்யா, நான்தான் பரிமளா. மேடத்துக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நான்தான் அவங்ககிட்ட சொல்லாம ஆம்பூருக்கு வேலைக்குப் போய்ட்டேன். என்னை உள்ள போடுங்க, அவங்க வேலைல மட்டும் கைய வெச்சிடாதீங்க."